பயிற்சி மிஷினில் தொடங்குவதில்லை

"ஆளே நிக்க மாட்டேங்கிறான் சார்." தர்மபுரிப் பக்கம் பட்டறையோ மாம்பழக்கூழ் ஆலையோ நடத்துபவரைக் கேட்டால் முதலில் வருவது இந்தப் புலம்பல்தான். பெங்களூரு பஸ் ஏறினால் வேறு வேலை. சம்பளத்தில் பெங்களூரோடு மோத முடியாதுதான். ஆனால் ஆளை நிறுத்துவது சம்பளம் மட்டுமில்லை என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு.

1984இல் டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. ஆலை ஓசூரில். ஓசூர் இப்போது இருக்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதுவரை ஓசூரும் தர்மபுரி மாவட்டமே. எச்.எம்.டி. கடிகார ஆலையில் கைதேர்ந்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். அவர்களில் சிலரை எடுத்தார்கள். கூடவே, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் தேடிப் பிடித்துப் பழக்கினார்கள். முதன்முதலாக வீட்டைவிட்டு வந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓசூரில் வளர்ப்புப் பெற்றோரையே ஏற்பாடு செய்தார்கள்.

இப்படிப் பார்த்துக்கொள்வதைத்தான் நான் முதலில் சொல்வேன். புது ஆள் முதல் வாரத்தில் ஓடிப்போவது பெரும்பாலும் வேலை கஷ்டம் என்பதற்காக அல்ல. ரூம் இல்லை, ராத்திரி ஷிப்ட் முடிந்தால் பஸ் இல்லை, மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆள் இல்லை. சேர்ந்த அன்றே ஒரு சீனியரைக் கைகாட்டி, "எதுனாலும் இந்த அண்ணன்கிட்ட கேளு" என்று ஒப்படையுங்கள்.

அடுத்தது கற்றுக்கொடுப்பது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் உருவாகி, பின்னர் டொயோட்டா கைக்கொண்ட முறை ஒன்று உண்டு: பயத்தைப் போக்கு, செய்து காட்டு, செய்ய விடு, பிறகு போய்ப் பார். செய்து காட்டும்போது எதிரில் நிற்காதீர்கள். இடது வலது மாறித் தெரியும். பக்கத்தில் நின்று, ஒரு தடவை மெதுவாக. இரண்டாம் தடவை எங்கே கை நழுவும் என்று சொல்லிக்கொண்டே. மூன்றாவதில் ஏன் இப்படி என்று காரணத்தோடு. அப்புறம் அவர் செய்துகொண்டே உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்லத் திணறும் இடம்தான் புரியாத இடம். நம் ஊர் சூப்பர்வைசர்கள் "பாத்துக்கோ" என்று ஒருமுறை காட்டிவிட்டுப் போவார்கள். ரிஜெக்‌ஷன் வந்ததும் திட்டுவார்கள். அது பயிற்சி இல்லை.

உற்சாகப்படுத்தப் பெரிய செலவு வேண்டாம். சம்பளம் சொன்ன தேதியில். திட்டு தனியாக, பாராட்டு எல்லார் முன்னாலும். ஆடிப்பெருக்குக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் எப்படியும் லீவு போடுவார்கள். முன்கூட்டியே ஷிப்ட் மாற்றிக் கொடுத்தால் உங்களுக்கு நல்ல பெயராவது மிஞ்சும்.

பொறுப்பு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓசூர்தான் சாட்சி. மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு கிராமத்துப் பெண்கள் டைட்டனுக்குக் கைக்கடிகாரச் செயின் கோக்கப் பழகினார்கள். பின்னர் இந்த வேலைக்கென அமைந்த 'மெடோ' என்ற நிறுவனத்துக்கு அவர்களே பங்குதாரர்களும் ஆனார்கள்.

பழக்கும் காலத்துச் சம்பளம் கையைக் கடிக்கிறது என்பவர்களுக்கு ஒரு தகவல். 2016இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநர் உதவித்தொகையில் கால் பங்கை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்கிறது. பக்கத்து ஐ.டி.ஐ. முதல்வரைப் போய்ப் பாருங்கள். விவரமும் கிடைக்கும், பிள்ளைகளும் கிடைப்பார்கள்.