தாருகானாவுக்குப் போன கப்பல்

அன்புள்ள மருமகளுக்கு,

பள்ளிக்காகப் பழைய விக்ராந்த் கப்பலைப் பற்றி எழுதுகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "வயசாயிடுச்சு, அதனால உடைச்சிட்டாங்க" என்று முடித்திருக்கிறாயாம். கப்பல் அழிவதற்கு வயது மட்டும் காரணமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் வடாலா, சிவ்டி, காட்டன் கிரீன் தாண்டி ரே ரோடு. அங்கிருந்து கடல் பக்கம் போனால் தாருகானா. நம் 13ஆம் காம்பவுண்ட் பட்டறைகளில் பங்கார், அதாவது பழைய சாமான், பிரிப்பதுபோல அங்கே முழுக் கப்பலையே பிரித்துப்போடுவார்கள். 2014 நவம்பரில் விக்ராந்தை அறுக்கத் தொடங்கியது அங்கேதான்.

பிரிட்டனில் இரண்டாம் உலகப்போரின்போது கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் போட்டுவிட்ட கப்பல் அது. 1957இல் இந்தியா வாங்கி, மீதி வேலையை முடிக்கவைத்து, 1961இல் கடற்படையில் சேர்த்தது. நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1971 போர் வந்தபோது அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. இருந்தும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வங்கக் கடலுக்குப் போனது. அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. விக்ராந்திலிருந்து கிளம்பிய விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின.

விரிசலோடு போருக்குப் போய்வந்த அந்தக் கப்பல், கட்டிப்போட்ட இடத்தில் அழிந்தது. 1997இல் ஓய்வு கொடுத்தார்கள். 2001 முதல் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகம். நிரந்தரமாக வைத்துக் காப்போம் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நடந்தது. உப்புநீர் பேச்சுக்காகக் காத்திருக்குமா? கடலில் நிற்கும் எஃகை அது ஓயாமல் அரிக்கும். அதனால்தான் கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள்; எஃகுக்குப் பதிலாக அவை முதலில் கரையும். கரைந்தவற்றை மாற்ற வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலை டிரை டாக்கில் ஏற்றி, ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, மெலிந்த தகட்டை மாற்றி, பெயின்ட் அடிக்க வேண்டும். இருநூறு மீட்டருக்கும் நீளமான கப்பலுக்கு இது பெரிய செலவு. மேல்தளத்தில் கொடியேற்ற எல்லாரும் வந்தார்கள்; அடிப்பகுதிக்குச் செலவு செய்ய யாரும் வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. 2012இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். 2014இல் ஏலம், சுமார் 60 கோடி ரூபாய். உடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனவர்களுக்கும் பலன் கிடைக்கவில்லை. அந்த உலோகத்தில் கொஞ்சம் 2016இல் பஜாஜ் மோட்டார் சைக்கிளாக வெளிவந்தது.

நம் ஊர்க்காரர் வ.உ.சி. கப்பல் தேடி வந்ததும் இதே பம்பாய்க்குத்தான். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓடவிட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து நெருக்கியது. 1908இல் அரசாங்கம் அவரைச் சிறையில் தள்ளியது. கப்பல்களும் கைவிட்டுப் போயின. அவர் கனவை எதிரிகள் உடைத்தார்கள். விக்ராந்துக்கு எதிரியே தேவைப்படவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதே.

காப்பாற்ற வழியே இல்லை என்று யாராவது சொன்னால் குர்சுராவைக் காட்டு. அதுவும் நம் கடற்படையின் கப்பல்தான், நீர்மூழ்கி. 2001இல் ஓய்வுபெற்றது. விசாகப்பட்டினத்தில் அதைத் தண்ணீரிலேயே விடாமல் ராமகிருஷ்ணா கடற்கரை மணலுக்கு இழுத்து ஏற்றி, 2002இல் மக்களுக்குத் திறந்தார்கள். உப்புக்காற்று அங்கேயும் உண்டு, பராமரிப்பும் இருக்கிறது. இன்றும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். மே மாத லீவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்வா. உள்ளே வழி ரொம்பக் குறுகல், தலை இடிக்கும், குனிந்தே நட.

அன்புடன்,
மாமா