கவுன்ட் நார்மல் என்றால் செப்சிஸ் இல்லையா?

காய்ச்சல் என்று போனால் மருத்துவர் எழுதித் தரும் முதல் பரிசோதனைகளில் ஒன்று ரத்த அணுக்களின் எண்ணிக்கை. அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறோம், அல்லது பதறிப்போகிறோம். செப்சிஸில் இரண்டுமே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம். தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளையே சிதைப்பதுதான் செப்சிஸ். 2017-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 1.1 கோடி மரணங்களில் இதற்குப் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

நம்பிக்கை: வெள்ளணுக்கள் சரியான அளவில் இருந்தால் பயமில்லை.

உண்மை: ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருப்பது இயல்பு. கடும் தொற்றில் நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் பாய்கின்றன. எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாதபோது எண்ணிக்கை சரிகிறது. சரியும் வழியில் எடுத்த ரத்தம் ‘நார்மல்’ என்றே காட்டலாம். முதியவர்களுக்கும் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும் எண்ணிக்கை ஏறாமலேயே போகலாம்.

நம்பிக்கை: வெள்ளணு கூடினால் செப்சிஸ்தான்.

உண்மை: ஸ்டீராய்டு மாத்திரை, அறுவை சிகிச்சை, விபத்துக் காயம், கர்ப்பம் ஆகியவற்றாலும் கூடும். அதனால்தான் 2016-இல் திருத்தப்பட்ட வரையறை, உறுப்புகள் செயலிழக்கின்றனவா என்பதையே மையமாக வைத்தது.

நம்பிக்கை: தட்டணு குறைந்தால் டெங்குதான்.

உண்மை: செப்சிஸில் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் ரத்தம் உறைவதால் தட்டணுக்கள் செலவாகிவிடுகின்றன. தொற்று உள்ளவருக்கு அவை புதிதாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது, உறுப்புப் பாதிப்பை அளக்கும் சோஃபா மதிப்பீட்டில் முக்கியமான எச்சரிக்கை.

நம்பிக்கை: புதிய கருவிகள் செப்சிஸை உறுதியாகச் சொல்லிவிடும்.

உண்மை: தொற்றின்போது மோனோசைட் எனும் வெள்ளணுக்கள் சிறிதும் பெரிதுமாக அளவு மாறுகின்றன. இந்த வேறுபாட்டை அளக்கும் முறைக்கு 2019-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. வழக்கமான ரத்த மாதிரியிலேயே கிடைப்பதால், அவசரப் பிரிவில் பயனுள்ள குறிப்பு இது. ஆனால் கோவிட் போன்ற வைரஸ் தொற்றிலும் இந்த அளவு உயரும். தனித்து நின்று தீர்ப்புச் சொல்ல அதனால் முடியாது.

தொற்று இருப்பவருக்கு மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், சிறுநீர் குறைந்தால், கைகால் சில்லிட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம் சரிந்த செப்சிஸ் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ‘நேற்று எடுத்த கவுன்ட் நார்மல்தானே’ என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.