கடற்கரை விடுமுறையும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளின் பேச்செல்லாம் கடற்கரையைப் பற்றியதாகவே இருக்கும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்வோருக்குச் சி ரூசா, தெலுக் கெமாங் கடற்கரைகள் அருகில் உள்ளவை; செலவும் குறைவு. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, சோறும் கறியும் கட்டிக்கொண்டு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை புறப்பட்டுச் செல்வது வழக்கம். விடியற்காலையில் எழுந்து பால் வெட்டும் உழைப்பாளிக்கு இத்தகைய ஓய்வு தேவையே ஆகும்.

எனினும், மகிழ்ச்சிக்காகச் சென்ற பயணம் துயரத்தில் முடிந்த செய்திகளும் நாம் அறியாதவை அல்ல. கடலின் போக்கைப் பெரியவர்கள் அறிந்திருத்தல், பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் கரையில் இருத்தல் ஆகிய இரண்டும் இத்துயரங்களுள் பலவற்றைத் தடுக்க வல்லவை. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்த பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நம் நாட்டு நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன்னர் சுமத்திராவின் மேற்குக் கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அதிர்ச்சியைப் பினாங்கிலும் மக்கள் உணர்ந்தனர். ஆனால், அதற்கும் கடலுக்கும் உள்ள தொடர்பைப் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. வழக்கம்போல் குடும்பங்கள் பத்து பெரிங்கி, பாசிர் பாஞ்சாங் முதலிய கடற்கரைகளுக்கு உல்லாசமாகச் சென்றன. பிள்ளைகள் நீரில் விளையாடிக்கொண்டிருந்தனர்.

பிற்பகல் 1 மணிக்குப் பின்னர் சுனாமி எனும் ஆழிப்பேரலை பினாங்குக் கரையைத் தாக்கியது. மலேசியாவில் 68 உயிர்கள் பலியாயின. அவற்றுள் பெரும்பகுதி பினாங்கில் ஏற்பட்டதாகும். விடுமுறையைக் கழிக்க வந்த குழந்தைகளும் பலியானோருள் இருந்தனர். அதே நாளில் தமிழகத்தில் மெரினா கடற்கரைக்கு உலாவச் சென்றோரையும், வேளாங்கண்ணிக்குச் சென்ற யாத்திரிகர்களையும் அலை வாரிச் சென்றது. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் உயிரிழந்தனர்.

இங்கு நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது யாதெனில், நிலம் அதிர்ந்ததற்கும் பினாங்குக் கரையை அலை அடைந்ததற்கும் இடையே நான்கு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. அலை வருமுன் கடல் பின்வாங்கிய இடங்களும் பல. விந்தையைக் காணவும், தரையில் துள்ளிய மீன்களைப் பொறுக்கவும் சென்றவர்கள் ஓடித் தப்ப இயலாமல் அகப்பட்டனர். அறிகுறிகள் இருந்தன, அவற்றின் பொருளை உணர்ந்தவர்கள்தாம் குறைவு.

ஒரு சிறுமியின் அறிவு

அதே காலை வேளையில் தாய்லாந்தின் புக்கெட் தீவிலுள்ள மாய் காவ் கடற்கரையில், இங்கிலாந்திலிருந்து பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த தில்லி ஸ்மித் எனும் பத்து வயதுச் சிறுமி இருந்தாள். கடல்நீர் நுரைத்துக் குமிழியிட்டு, இயல்புக்கு மாறாக நடந்துகொள்வதை அவள் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் பள்ளியில் நில இயல் ஆசிரியர் சுனாமியைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். ஆபத்து வருகிறது என்று அவள் பெற்றோரிடம் வற்புறுத்திக் கூறினாள். தந்தை அதனைக் காவலரிடம் தெரிவிக்கவே, கரையிலிருந்தோர் அகற்றப்பட்டனர். சுமார் நூறு பேர் உயிர் தப்பினர்.

பிள்ளை பள்ளியில் கற்று வந்து கூறுவதைச் சிறு பிள்ளையின் பேச்சு என்று தள்ளிவிடாமல் கேட்கவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

நம் கரையில் நாள்தோறும் நிகழ்வது

2004ஆம் ஆண்டின் பேரலை நெகிரி செம்பிலான் கரையில் எவ்வுயிரையும் கொள்ளவில்லை. அதனால் இங்குள்ள கடல் ஆபத்தற்றது என்று கருதலாகாது. பேரலை அரிதாக வருவது. கடலின் ஏற்றமும் வற்றமுமோ சி ரூசாக் கரையில் ஒவ்வொரு நாளும் இருமுறை நிகழ்கின்றன. வற்றிய நீர் மீண்டும் நிறைவதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும்.

நீர் எப்போதும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டாக, ஏற்றத்தின் அளவு 2.4 மீட்டர் என வைத்துக்கொள்வோம். அதைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கு 20 சென்டிமீட்டர் ஆகும். முதல் மணி நேரத்தில் ஒரு பங்கும், இரண்டாம் மணி நேரத்தில் இரண்டு பங்கும், மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் மும்மூன்று பங்கும் நீர் உயரும். பின்னர் இரண்டு, ஒன்று எனக் குறையும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் 120 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. இது ஏறத்தாழ ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். சமைத்த உணவை உண்டு, சற்று இளைப்பாறி எழும் நேரத்தில், பிள்ளை கணுக்கால் நீரில் நின்ற இடம் அதன் தலையை மூடும் இடமாகிவிடக்கூடும்.

கரைக்கு அப்பால் தெரியும் மணல் திட்டில் பிள்ளைகளை விளையாட விடுவதும் தவறு. நீர் ஏறுங்கால் திட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளமே முதலில் நிறைந்து, திரும்பும் வழியை அடைத்துவிடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகுதி. தைப்பூசம், மாசி மகம் போன்ற திருநாட்கள் பௌர்ணமியை ஒட்டியே வருவதால், அவ்வேளைகளில் கூடுதல் கவனம் தேவை. வானத்தையும் மரப்பட்டையின் ஈரத்தையும் பார்த்துவிட்டே நாம் பால் வெட்டத் தொடங்குகிறோம். அவ்வாறே ஏற்ற நேரத்தை அறிந்துகொண்டு பிள்ளைகளை நீரில் இறக்குவது நல்லது.

பார்ப்பவர் யார்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

நீரில் மூழ்கும் பிள்ளை கூச்சலிடும் என்று பலர் நம்புகின்றனர். மூச்சுக்குத் திணறும் பிள்ளையால் கத்தவும் இயலாது. கையசைத்து அழைக்கவும் இயலாது. ஒரு நிமிடத்திற்குள் அது ஓசையின்றி மூழ்கிவிடலாம். பத்துப் பெரியவர்கள் உடன் இருந்தும் இவ்வாறு நேர்வதற்குக் காரணம், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணிவிடுவதே. ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போமாக:

1. பெரியவர் ஒருவரைக் காவலராக நியமியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளலாம். அவ்வேளையில் அவர் கைத்தொலைபேசியையும், சீட்டாட்டத்தையும், மதுவையும் அறவே தவிர்க்கவேண்டும்.

2. பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல, அடிக்கடி பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணுங்கள்.

3. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கவேண்டும். தம்பி தங்கையைக் காக்கும் பொறுப்பைப் பத்து வயது அண்ணனிடமோ அக்காளிடமோ ஒப்படைத்தல் ஆகாது.

4. காற்றடைத்த டியூப்பை நம்பாதீர்கள். காற்றும் நீரோட்டமும் அதனைப் பிள்ளையோடு சேர்த்து ஆழத்திற்கு இழுத்துச் செல்லும்.

5. உயிர்காப்பாளர் உள்ள இடத்தில் மட்டுமே குளியுங்கள். எச்சரிக்கைப் பலகையையும் கொடியையும் மதியுங்கள். நிலம் அதிர்ந்தாலும், கடல் திடீரெனப் பின்வாங்கினாலும், அபாயச் சங்கு ஒலித்தாலும், பொருட்களை விட்டுவிட்டு மேட்டு நிலத்திற்குச் செல்லுங்கள்.

ஆபத்து நேர்ந்துவிட்டால்

நீந்தத் தெரியாதவர் நீரில் குதித்தால் ஒரு சாவு இரண்டாகும். கயிறு, நீண்ட கழி, மூடிய காலி எண்ணெய்க் கலன் ஆகியவற்றுள் கிடைத்ததை எறிந்தோ நீட்டியோ உதவுங்கள். உயிர்காப்பாளரைக் கூவி அழையுங்கள்; 999 எண்ணுக்கு அழையுங்கள்.

கரைசேர்த்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் தீங்கான பழக்கங்கள். மூச்சில்லையெனில், வாய்வழி மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கவேண்டும். செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் அம்புலன்ஸ் ஆகியவை முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. தோட்டத்து இளைஞர் மன்றங்களும் ஆலய நிர்வாகங்களும் ஏற்பாடு செய்தால், தோட்டத்திலேயே இதனைப் பலர் கற்றுக்கொள்ளலாம்.

புறப்படுமுன் குடும்பத்துடன் கலந்து பேசுவதற்கு

- அன்றைய கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு?
- முதல் அரை மணிக்குக் காவலர் யார்? அடுத்தவர் யார்?
- பிள்ளை காணாமற்போனால் எல்லாரும் கூடும் இடம் எது?
- நம்முள் முதலுதவி தெரிந்தவர் எவர்?

இக்கேள்விகளுக்கு விடை கண்ட பின்னர் வேனில் ஏறுங்கள். சென்ற பிள்ளைகள் அனைவரும் வீடு திரும்பினார்களா என்பதை, மாலையில் வேனின் கதவை மூடுமுன் மீண்டும் ஒருமுறை பெயர் சொல்லி எண்ணிப் பாருங்கள்.