மேசையைச் சுற்றி ஒரு கதை: பாத்திரமேற்று விளையாடும் மாலைக்குப் புதிதாக வருவோருக்கு

நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் மாலை வேளைகளில் நடைபெறும் ‘ரோல் பிளேயிங்’ விளையாட்டுக் குழுக்களைப் பற்றித் தமிழ்ப் பெற்றோர் பலர் எம்மிடம் வினவுகின்றனர். “திரையும் இல்லை, பந்தும் இல்லை. மூன்று மணித்தியாலம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?” என்று ஒரு தாயார் கேட்டார். அவருக்கும் அவரைப் போன்றோருக்கும், தாமே சென்று அமர விரும்பும் பெரியோருக்கும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இவ்வகை விளையாட்டுகளில் மிகவும் அறியப்பட்டது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. சிறிய போர்வீரர் பொம்மைகளை வைத்து ஆடப்பட்ட போர் விளையாட்டுகளிலிருந்து உருவான இதனை, அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொதுவாக நால்வர் அல்லது ஐவர் மேசையைச் சுற்றி அமர்வர். அவர்களுள் ஒருவர் நடத்துநர். அவரை ‘டன்ஜன் மாஸ்டர்’ என்பர். ஊர், காடு, எதிரி, வழிப்போக்கர் அனைத்தையும் அவரே விவரிப்பார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன், பூசகர் போன்ற பாத்திரங்களுள் ஒன்றை ஏற்று, “இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்ற அவரது கேள்விக்கு விடையளிப்பர். வெற்றியாளர் என்று எவரும் இல்லை. கதை அடுத்த வாரமும் தொடரும்.

நமது நாட்டுக்கூத்தை அறிந்தவர்களுக்கு நடத்துநரின் பணி ஓரளவு விளங்கும். அண்ணாவியாரைப் போல அவர் அனைவரையும் கட்டியிழுத்துச் செல்கிறார். ஆனால் மனனம் செய்த பாட்டு இங்கில்லை. விதிகளில் ஐயம் எழுந்தால் நடத்துநரின் தீர்ப்பே முடிவு, மேல்முறையீடு கிடையாது. சட்டம் பயின்ற எனக்கு இது முதலில் சற்று உறுத்தியது.

செய்ய நினைப்பது நிறைவேறுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். தாயக்கட்டை உருட்டி வளர்ந்த நமக்குப் பகடை புதிதன்று. ஆயினும் இருபது முகப் பகடையைப் பலர் இங்கேதான் முதலில் காண்பர். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரவில் ஆற்றைக் கடக்க வேண்டும், படகோட்டி மறுக்கிறான். அவனை இணங்கவைக்க 15 தேவை என நடத்துநர் அறிவிக்கிறார். உங்கள் பாத்திரத் தாளில் பேச்சுத் திறனுக்கு 3 என எழுதப்பட்டிருந்தால், பகடையில் விழுவதுடன் மூன்றைக் கூட்டிக்கொள்வீர்கள். ஆகவே 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். இருபது முகங்களில் ஒன்பது உங்களுக்குச் சாதகம், அதாவது நூற்றுக்கு 45. படகோட்டியின் மகளை முன்னர் நீங்கள் காப்பாற்றியிருந்தால், நடத்துநர் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள அனுமதிக்கலாம். அப்போது வாய்ப்பு ஏறத்தாழ 70 ஆக உயரும். தோற்றாலும் கதை நின்றுவிடாது. நல்ல நடத்துநர், “ஏற்றிக்கொள்கிறான், ஆனால் உங்கள் வாளைப் பிணையாகக் கேட்கிறான்” என்பார்.

விதிப்புத்தகம் முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அதனை முழுவதும் வாசித்த பின்னரே செல்ல வேண்டும் என எண்ணி நான் இரு வாரங்களை வீணாக்கினேன். அது தேவையில்லை. முதல் நாளில், முன்னரே எழுதி ஆயத்தமாக வைத்துள்ள பாத்திரத் தாள் ஒன்றைக் கேளுங்கள். வீரனை எடுப்பது எளிது. மந்திரவாதியை எடுத்தால் மந்திரங்கள் ஒவ்வொன்றின் விதியையும் தெரிந்திருக்க வேண்டும். அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே இணையத்தில் இலவசமாகத் தருகின்றனர். ஆர்வம் வந்த பின் வாசிக்கலாம்.

பலரைத் தயங்கவைப்பது விதியன்று, ஆங்கிலம். குரலை மாற்றி நடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “என் வீரன் படகோட்டியிடம் கெஞ்சுகிறான்” என்று படர்க்கையில் சொன்னாலே போதுமானது. இந்நாட்டிற்கு அண்மையில் வந்த சிறுவன் ஒருவனுக்கு உரைபெயர்ப்பாளராக ஒரு மாலை அமர்ந்திருந்தேன். அதற்கு முன் வேறொரு குழுவில், அவன் வாய் திறப்பதற்குள் அருகிலிருந்தோர் அவனுக்காக முடிவெடுத்து, அவனது பகடையையும் தாமே உருட்டிவிட்டனராம். நல்லெண்ணத்தால் செய்ததுதான், எனினும் அவன் பிறகு அங்கே போகவில்லை. இந்த மேசையின் நடத்துநர், அவனாகக் கேட்டாலன்றி எவரும் யோசனை கூறக் கூடாது எனத் தொடக்கத்திலேயே விதித்தார். நீதிமன்றத்தில் சாட்சி “நான்” என்றால் உரைபெயர்ப்பாளரும் “நான்” என்றே கூற வேண்டும். அவ்வழக்கப்படி, “நான் வாளை உருவுகிறேன்” என்று ஆங்கிலத்தில் கூறினேன். சிறுவன் என்னைத் திரும்பிப் பார்த்து, “இல்லை, பிடியில் கை வைத்தேன், அவ்வளவுதான்” என்று ஆங்கிலத்திலேயே திருத்தினான். அம்மேசையில் அவன் பேசிய முதல் ஆங்கில வாக்கியம் அது. பிழை என்னுடையதே.

1980களில் அமெரிக்காவில், இவ்விளையாட்டு பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இட்டுச் செல்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன் எதிரொலியை இன்றும் சிலர் என்னிடம் கூறுகின்றனர். கதைகளில் அசுரரும் தேவரும் மாயமும் வருவது உண்மை. நமது புராணங்களிலும் வருகின்றனவே. பெற்றோர் கேட்க வேண்டியவை வேறு: மேசையில் எவ்வயதினர் அமர்வர், பொறுப்பாளர்கள் டி.பி.எஸ். சோதனைக்கு உட்பட்டவர்களா, சிறுவர் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் உண்டா என்பன. கேட்பது உங்கள் உரிமை. அதனை எவரும் அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: கதையில் எவை வேண்டாம் என்று முன்கூட்டியே பேசும் வழக்கம் அங்கு உண்டா? பல குழுக்கள் முதற் சந்திப்பை இதற்கென்றே ஒதுக்குகின்றன. சில மேசைகளில் ‘எக்ஸ்’ எழுத்திட்ட அட்டை ஒன்று நடுவில் கிடக்கும். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் வகுத்த முறை இது. ஒரு காட்சி மனத்தை வருத்தினால் அட்டையைத் தொட்டாலே போதும். அக்காட்சி நீக்கப்படும், காரணம் கேட்கப்படாது. முதலில் இதனைத் தேவையற்ற சம்பிரதாயம் என்றே கருதினேன். பின்னர் ஒரு மாலை, கதையில் பாலத்தருகே காவலர்கள் எங்களை மறித்து, இறங்கச் சொல்லி, அடையாளப் பத்திரங்களைக் கேட்டனர். மற்றவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. அட்டையைத் தொட்டது நான்தான். நடத்துநர் தலையசைத்து, “பாலம் வெறிச்சோடிக் கிடக்கிறது, நிலவு தெரிகிறது” என்று தொடர்ந்தார். போரைக் கண்டு வந்தவர்கள் நம்மில் பலர். ஆதலால், அட்டை இல்லாத மேசையில் ஒன்றை வைக்கும்படி கேட்கத் தயங்க வேண்டாம்.

முதல் மாலைக்குப் பென்சிலும் அழிறப்பரும் கொண்டு வாருங்கள். பாத்திரத் தாளில் எண்கள் அடிக்கடி மாறும். பகடையை மற்றவர்கள் இரவல் தருவர். ஓர் அமர்வு மூன்று, நான்கு மணித்தியாலம் நீளக்கூடும். இடையில் வெளியேற வேண்டியிருந்தால் தொடக்கத்திலேயே நடத்துநரிடம் கூறிவிடுங்கள், உங்கள் பாத்திரத்திற்கு ஒரு பயணத்தையோ உறக்கத்தையோ அவர் ஏற்பாடு செய்வார். முதல் நாள் பார்வையாளராக மட்டும் அமர விரும்பினாலும் கேளுங்கள்.

உங்கள் பகுதியில் குழு எந்நாளில் கூடுகிறது என்பதை நூலக முகப்பில் விசாரிக்கலாம். தமிழில் விளக்கம் தேவைப்படின் அதனையும் அங்கேயே தெரிவிக்கவும்.