ஸ்கிரிப்ட் சொன்ன விலையை நம்பி 8,840 ரூபாய் துண்டு விழுந்த கதை: பைதான் ரிக்வெஸ்ட்ஸ் பாடம்

போன வாரம் போட்ட வீடியோவுல, மியூச்சுவல் ஃபண்ட் என்ஏவியை பைதான் வெச்சு தினமும் தானா எடுக்கிறது எப்படின்னு காட்டியிருந்தேன். கோட் முழுக்க அந்த வீடியோவுல திரையில இருக்கு, இங்க திரும்ப தட்டப் போறதில்ல. இந்தப் பதிவு அதுல இருக்கிற சில வரிகளைப் பத்தி மட்டும்தான். "இது எதுக்கு, இது இல்லாமலே ஓடுதே"ன்னு உங்களுக்குத் தோணும். ஆமா, ஓடும். எனக்கும் ஓடுச்சு. அதுதான் பிரச்சனையே.

எங்க வீடு மண்டைக்காடு. வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல. தங்கச்சி கல்யாணம் முடிவான வருஷம், மாசிக் கொடைக்கு ஊருக்கு வந்திருந்தேன். கொடை முடியிற செவ்வாய்க்கிழமை கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஆபீஸ் கேரளாவுல இருக்கிறதால எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, லீவு போட்டுட்டுத்தான் வந்தேன். பங்குச் சந்தைக்கும் அன்னைக்கு விடுமுறை கிடையாது. இது பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்துக்கு 2 லட்சம் கட்டணும். ஒரு ஈக்விட்டி ஃபண்ட்ல ஒரு வருஷம் தாண்டின யூனிட் 2,400 இருந்துச்சு. அதைத் தாண்டி வித்தா, ஒரு வருஷம் ஆகாத யூனிட்டுக்கு எக்ஸிட் லோடும் விழும், குறுகிய கால லாப வரியும் வரும். ஈக்விட்டி ஃபண்டுக்கு இப்போ அந்த வரி 20 சதவீதம். ஒரு வருஷம் தாண்டினா வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம் லாபம் வரை வரி இல்ல, அதுக்கு மேல 12.5 சதவீதம். அதனால தொகையைப் போடாம, 2,400 யூனிட்னு கணக்கா போட்டு வித்தேன். தினமும் காலையில என் ஸ்கிரிப்ட் அனுப்புற மெயில்ல என்ஏவி 84.20ன்னு இருந்துச்சு. 2,400 பெருக்கல் 84.20, ஆக 2,02,080. மண்டபத்துக்குக் கட்டினது போக 2,080 மிச்சம். அம்மாகிட்டயும் "பணம் ரெடி"ன்னு சொல்லிட்டேன்.

வியாழக்கிழமை பேங்க்ல வந்து விழுந்தது 1,91,160.

அன்னைக்கு நிஜ என்ஏவி 79.65. மூணு மணிக்குள்ள ரிடெம்ப்ஷன் போட்டா அன்னைக்கு ராத்திரி வர்ற என்ஏவிதான் கிடைக்கும், அது முன்னாடியே தெரியாது, சரி. ஆனா ஒரே நாள்ல 84ல இருந்து 79க்கு விழல. ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு. முந்தின நாள் நிஜ விலை 79.90. அது தெரிஞ்சிருந்தா செவ்வாய்க்கிழமையே லிக்விட் ஃபண்ட்ல இருந்து ஒரு பத்தாயிரம் சேர்த்து எடுத்திருப்பேன். தெரியாததால வியாழக்கிழமை சாயங்காலம் மாமாகிட்ட போய் 8,840 ரூபாய்க்கு நின்னேன். மாமா ஒண்ணும் சொல்லல, எடுத்துத் தந்தாரு. அம்மாதான் கேட்டாங்க: "கம்ப்யூட்டர்ல பாத்துதானே மக்களே சொன்ன?"

ராத்திரி உக்காந்து பழைய மெயிலை எல்லாம் திறந்து பார்த்தேன். ஒன்பது நாளா அதே 84.20, பைசா மாறல. நான் அப்போ ஒரு இலவச ஏபிஐயில இருந்து விலை எடுத்துட்டு இருந்தேன். அது படுத்துப் போயிருக்கு. என் ஸ்கிரிப்ட் படுக்கல. எரர் வந்தா கடைசியா சேமிச்ச விலையைக் காட்டுன்னு நான்தான் எழுதி வெச்சிருந்தேன், மெயில் தினமும் அழகா வரணும்னு. பணம் நஷ்டம்னு சொல்ல முடியாது, சந்தை இறங்கினதுக்கு ஸ்கிரிப்ட் என்ன பண்ணும். ஆனா முடிவெடுக்க வேண்டிய நேரத்துல என் கையில இருந்தது பொய்க் கணக்கு.

சரி, இப்போ பாடம்.

பைதான்ல ஒரு வெப் முகவரியில இருந்து ஏதாவது எடுக்கணும்னா கூடவே வர்ற யுஆர்எல்லிப் போதும். ஆனா அதுல எழுதுறது கொஞ்சம் சள்ளை. 2011ல கென்னத் ரைட்ஸ் என்பவர் ரிக்வெஸ்ட்ஸ் என்கிற சின்ன லைப்ரரியை வெளியிட்டாரு. கெட் என்று ஒரு வார்த்தை, அடைப்புக்குறிக்குள்ள முகவரி, அவ்வளவுதான், பதில் கையில. இன்னைக்கு அது பைதான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் குடைக்குள்ள இருக்கு, பைதான் கத்துக்கிற பலரும் இதைத் தொடுவாங்க. பைதானோட கூட வராது, பிப் வழியா நாமதான் போட்டுக்கணும். போடும்போது பெயரைப் பார்த்து அடிங்க, கடைசியில "ஸ்" உண்டு. பிரபலமான பேக்கேஜ் பெயர்ல ஒரு எழுத்தை மாத்தி, உள்ள திருட்டுக் கோடை வெச்சுப் போடுறது நடக்கிற சங்கதி. பணக் கணக்கு இருக்கிற லேப்டாப்ல அந்த ஒரு எழுத்து பெரிய விஷயம்.

எங்க ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒண்ணு சொல்றேன். தம்பியைக் கூப்பிட்டு, "டேய், குளச்சல்ல போய் இன்னைக்கு சாளை என்ன விலைன்னு கேட்டுட்டு வா"ன்னு அனுப்புறீங்க. என்னெல்லாம் நடக்கலாம்?

அவன் திரும்பியே வராம இருக்கலாம். எவ்வளவு நேரம் வாசல்லயே நிப்பீங்க? ரிக்வெஸ்ட்ஸை நீங்க ஒண்ணும் சொல்லாம விட்டா, அது காலவரம்பு இல்லாம நிக்கும். பலருக்குத் தெரியாத விஷயம் இது. அந்தப் பக்கம் சர்வர் இணைப்பைப் பிடிச்சுக்கிட்டு பதில் சொல்லாம இருந்தா, உங்க ஸ்கிரிப்டும் எரர்கூட இல்லாம அங்கேயே தொங்கும். அதனாலதான் கெட் பக்கத்துல டைம்அவுட் 10ன்னு போட்டேன். ஒரு நுணுக்கம்: மொத்த வேலையும் 10 விநாடியில முடியணும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. இணைப்பு கிடைக்க 10 விநாடி, அப்புறம் அந்தப் பக்கம் இருந்து தகவல் எதுவும் வராம இருக்கிற இடைவெளிக்கு 10 விநாடி.

அடுத்தது, தம்பி வந்து "கடை பூட்டியிருக்கு"ன்னு சொல்லலாம். அதுவும் ஒரு பதில்தானே. 404ன்னா கேட்ட பக்கம் இல்ல, 429ன்னா நீ ரொம்ப அடிக்கடி வர்ற, 503ன்னா இப்போ முடியாது. இதையெல்லாம் ரிக்வெஸ்ட்ஸ் எரரா நினைக்காது, ஒழுங்கா வந்த பதில் மாதிரியே உங்க கையில தரும். "இது தப்புன்னா அங்கேயே நில்லு"ன்னு நாமதான் சொல்லணும். ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ் என்கிற அந்த ஒத்தை வரி அதுக்குத்தான்.

மூணாவது கொஞ்சம் மோசம். தம்பி வந்து 200, எல்லாம் சரின்னு சொல்றான், ஆனா கையில இருக்கிறது விலை இல்ல, "பராமரிப்பு நடக்கிறது"ன்னு ஒரு வெப் பக்கம். ஸ்டேட்டஸ் பார்த்தா இது சிக்காது. உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தாத்தான் சிக்கும்.

இங்கதான் ஆம்ஃபி கோப்பு வருது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களோட சங்கம் ஆம்ஃபி, 1995ல தொடங்கினது. எல்லா ஃபண்டோட என்ஏவியும் அவங்க தளத்துல ஒரே டெக்ஸ்ட் கோப்பா இலவசமா கிடைக்கும், லாகின் வேண்டாம், சாவி வேண்டாம். பெரும்பாலான ஃபண்டுக்கு அன்னைய விலை ராத்திரி 11 மணிக்குள்ள ஏறிடும். நான் இப்போ அங்க இருந்துதான் எடுக்கிறேன். மூலத்துல இருந்தே எடுக்க முடியும்போது நடுவுல ஒருத்தர் எதுக்கு?

கோப்பைத் திறந்து ஒரு தடவை கண்ணால பாருங்க, அப்புறம் கோட் எழுதுங்க. நடுநடுவே வெத்து வரி, ஃபண்ட் நிறுவனத்தோட பெயர் மட்டும் இருக்கிற வரி, வகைத் தலைப்பு எல்லாம் கலந்து கிடக்கும். விலை இருக்கிற வரியில அரைப்புள்ளி போட்டுப் பிரிச்ச ஆறு பகுதி: ஸ்கீம் கோட், ரெண்டு ஐசின் எண், ஸ்கீம் பெயர், என்ஏவி, தேதி. ஆறு பகுதி இல்லாத வரியைத் தள்ளிடுங்க. பராமரிப்புப் பக்கம் வந்தா ஒரு வரிகூட தேறாது, அப்பவே தெரிஞ்சிடும். என்ஏவி இடத்துல சிலதுக்கு எண்ணே இருக்காது, அதையும் பார்த்துக்கோங்க.

பெயரை வெச்சுத் தேடாதீங்க. ஒரே ஃபண்டுக்கு ரெகுலர், டைரக்ட், அதுல குரோத், ஐடிசிடபிள்யூன்னு பல வரி இருக்கும். 2013 ஜனவரி 1 முதல் டைரக்ட் பிளான் தனியா வந்ததுல இருந்து ரெண்டுக்கும் வேற வேற விலை. டைரக்ட்ல ஏஜென்ட் கமிஷன் இல்லாததால அதோட விலை வருஷத்துக்கு வருஷம் ரெகுலரை விட்டு விலகிட்டே போகும். உங்க கையில இருக்கிறது ரெகுலர், ஸ்கிரிப்ட் எடுக்கிறது டைரக்ட்னா, மெயில்ல நீங்க எப்பவும் கொஞ்சம் பணக்காரரா இருப்பீங்க. ஸ்டேட்மெண்ட்ல இருக்கிற ஐசினை எடுத்து, இந்தக் கோப்புல அதே ஐசின் இருக்கிற வரியோட ஸ்கீம் கோடைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

கடைசியா, என்னைக் கவுத்த விஷயம். தம்பி நல்லபடியா போய், நல்லபடியா வந்து, ஒழுங்கா விலையும் சொல்றான். ஆனா அது போன வாரத்து விலை. ஆம்ஃபி கோப்புலயே மூடிப் போன பழைய ஸ்கீம்களோட வரிகள் வருஷக்கணக்கான தேதியோட அப்படியே கிடக்கும். அதனால அந்த ஆறாவது பகுதி, தேதி, அதுதான் எனக்கு இப்போ விலையை விட முக்கியம்.

எத்தனை நாள் பழசு வரை பரவாயில்ல? திங்கட்கிழமை காலையில எடுத்தா வெள்ளிக்கிழமை விலைதான் இருக்கும், மூணு நாள். திங்கள் சந்தை விடுமுறைன்னா செவ்வாய் காலையில நாலு. முந்தின வெள்ளியும் விடுமுறையா இருந்தா வியாழன் விலைதான், அஞ்சு நாள். நான் அஞ்சு வரை விடுறேன், அதுக்கு மேல போனா விலையே காட்டாது. நம்ம மாவட்டத்து உள்ளூர் விடுமுறையை இதுல சேர்க்காதீங்க. கொடைக்கு இங்க பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், மும்பையில சந்தை ஓடிட்டுத்தான் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் வெளியிடுற விடுமுறைப் பட்டியல் மட்டும்தான் கணக்கு.

பழைய விலையைச் சேமிச்சு வெக்கிறது தப்பில்ல, நானும் இன்னும் வெக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை கோப்பை இறக்கி லேப்டாப்ல வெச்சுட்டு, மத்த எல்லாக் கணக்கையும் அதுல இருந்தே போடலாம். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியா அந்தத் தளத்தைத் தட்டாதீங்க, இலவசமா தர்றவங்களைத் தொந்தரவு பண்ணா அப்புறம் 429தான். ஆனா சேமிச்ச விலையைக் காட்டும்போது அதோட தேதியும் கூடவே வரணும்.

இன்னும் ரெண்டு. சான்றிதழ் எரர் வந்தா, வெரிஃபை என்பதை ஃபால்ஸ்னு மாத்துன்னு இணையத்துல சொல்லுவாங்க. செய்யாதீங்க. நீங்க பேசுறது நிஜமான தளம்கிட்டத்தானான்னு சரிபார்க்கிற ஒரே பூட்டு அது. அதே மாதிரி, இது நல்லா ஓடுதேன்னு உங்க பேங்க் யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஸ்கிரிப்ட்ல போட்டு பேலன்ஸ் எடுக்கப் போகாதீங்க. அதுக்கு ரிசர்வ் பேங்க் அனுமதிச்ச அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழி இருக்கு, பாஸ்வேர்ட் யாருக்கும் தராம, ஒப்புதல் மட்டும் கொடுத்து தகவலைப் பகிரலாம். என்ஏவி பொதுத் தகவல், எடுத்துக்கலாம். உங்க பேங்க் கணக்கு அப்படி இல்ல.

இப்போ என் காலை மெயில் முன்ன மாதிரி அழகா இல்ல. ஒவ்வொரு ஃபண்ட் பக்கத்துலயும் தேதி ஒட்டிக்கிட்டு நிக்குது. மாசத்துல ஒண்ணு ரெண்டு நாள் நெட் போய், தலைப்புலயே "இன்னைக்கு விலை தெரியல"ன்னு வரும். மொத்தத் தொகை இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கும். அப்படி வர்ற நாள்ல கையால ஃபண்ட் ஆப்பைத் திறந்து பார்த்துக்கிறேன், ஒரு நிமிஷ வேலை.

மாமாவுக்கு அடுத்த மாச சம்பளத்துல திருப்பிக் கொடுத்தாச்சு. அடுத்த வீடியோவுல, உங்க கேஸ் ஸ்டேட்மெண்ட்ல இருந்து யூனிட் கணக்கை எடுத்து, எது ஒரு வருஷம் தாண்டினது, எது தாண்டலன்னு பிரிக்கிறதைப் பார்ப்போம்.