பயிர் இன்ஷியூரன்ஸும் அடங்கல் கணக்கும்

2022-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டோஸ் என்னும் புயல் மாமல்லபுரத்தையொட்டிக் கரை கடந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரையில் இக்கடற்கரைக்குப் புயல் புதிதன்று; சம்பா நெல்லில் கதிர் முற்றுவதும் அச்சமயத்திலேயே. பிரீமியம் கட்டிவிட்டால் போதுமென்று எண்ணியிருப்போர் பலர். பணம் கிடைப்பதும் கிடையாமற்போவதும் பெரும்பாலும் விதைத்த மாதத்திலேயே காகிதத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

2016-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, குடியானவர் செலுத்தும் பங்கு காரீப் நெல்லுக்குக் காப்புத் தொகையில் நூற்றுக்கு 2-க்கும், ரபி நெல்லுக்கு 1½-க்கும், பணப்பயிர் தோட்டப்பயிர்களுக்கு 5-க்கும் மேற்படாது. மிகுதியைச் சர்க்கார்கள் ஏற்கின்றன. ஏக்கருக்குக் காப்புத் தொகை 30,000 ரூபாயென்று வைத்துக்கொண்டால், ரபியில் கட்ட வேண்டியது 450 ரூபாய். 2020 முதல் கடன் பெற்றோருக்கும் இது கட்டாயமன்று. ஆயினும் வேண்டாதவர் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னதாகப் பாங்கிக்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

பதிவின்போது ஆதார், பாங்கிப் புஸ்தகம், நில உரிமைப் பத்திரம் ஆகியவற்றுடன் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று கேட்கப்படும். தவறு புகும் இடம் அடங்கலே. உட்பிரிவான சர்வே எண்ணைப் பழைய எண்ணாலேயே குறித்தல், சென்ற பசலியின் பயிரை அப்படியே எழுதிவிடுதல், 1 ஏக்கர் நடவு செய்தவருக்கு 2 ஏக்கர் காட்டுதல் ஆகியவை கோரிக்கையைக் கெடுக்கும். இவற்றுள் கடைசியானதைச் சிலர் தயவென்று நினைக்கின்றனர். தணிக்கையில் அது வெளிப்பட்டால் உண்மையில் நட்ட ஏக்கருக்கும் ஆபத்து. 1980 வரை கர்ணங்கள் இருந்த நாளில் வரப்பில் நின்று அடங்கல் எழுதியவரும் உண்டு, திண்ணையில் அமர்ந்து எழுதியவரும் உண்டு. இன்ஷியூரன்ஸுக்குத் திண்ணை அடங்கல் உதவாது. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோரும் சேரலாம். ஆனால் சாகுபடி அவருடையதென்பதற்கு ஆதாரம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையால் இழப்பது நிலமுடையவரல்லர், உழுதவரே.

காகிதம் முந்துவது இந்நாட்டில் மட்டுமன்று. அமெரிக்காவில் போதை குறைந்த ஹெம்ப் என்னும் கஞ்சா இனம் 2018-ல் சட்டபூர்வமாகி, 2020 முதல் அரசாங்கப் பயிர் இன்ஷியூரன்ஸில் சேர்க்கப்பட்டது. லைசென்ஸும், விளைச்சலை வாங்குவோருடன் முன்கூட்டியே செய்த ஒப்பந்தமும் இன்றி அதற்குக் காப்பு இல்லை. செடியில் டி.எச்.சி. என்ற போதைச்சத்து நூற்றுக்கு 0.3-க்கு மிஞ்சினால், அந்த நஷ்டத்துக்கு ஈடு கிடையாது. மருந்துக்கென்று இச்செடியை இங்கும் பயிரிடலாமோ என எண்ணுவோர், 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தை அறிதல் நலம். அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுதல் குற்றம். அது தம் நிலத்தில் முளைத்திருக்கக் கண்ட நிலமுடையவரும், கேள்வியுற்ற கிராம உத்தியோகஸ்தரும் உடனே அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

நெல்லுக்குத் திரும்புவோம். பரவலான சேதத்துக்கு ஈடு தனி வயலைப் பார்த்துத் தரப்படுவதில்லை; கிராமம் அல்லது பிர்க்கா முழுமைக்கும் அறுவடைச் சோதனை நடத்தப்படுகிறது. முந்திய ஏழு வருஷங்களில் சிறந்த ஐந்தின் சராசரியைக் கொண்டு உத்தரவாத மகசூல் கணிக்கப்படும். அது ஏக்கருக்கு 1,500 கிலோவாயிருந்து, சோதனையில் 1,200 கிலோ கண்டால், குறைவு ஐந்தில் ஒரு பங்கு. 30,000 ரூபாயில் 6,000 ரூபாய் கிடைக்கும். ஊர் விளைந்து தம் தாழ்ந்த வயல் மட்டும் அழிந்தவருக்கு இக்கணக்கில் ஒன்றும் வராது.

அறுத்து வயலிலே காயப்போட்ட கதிருக்குத் தனி விதி உண்டு. அறுவடையான 14 நாட்களுக்குள் புயலோ பருவந்தவறிய மழையோ கெடுத்தால், 72 மணி நேரத்திற்குள் இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்கோ, பாங்கிக்கோ, விவசாய இலாகாவுக்கோ, 14447 என்ற டெலிபோன் எண்ணுக்கோ சர்வே எண்ணுடன் தெரிவிக்க வேண்டும். கட்டிப் போராக ஓரிடத்தில் அடுக்கிவிட்ட கதிருக்கு இவ்விதி பொருந்தாது.