ஃபைல் எல்லாம் வந்தாச்சு, ஏன் பூட் ஆகலை?

ஹார்ட் டிஸ்க் போச்சு. புது எஸ்எஸ்டி வாங்கி, ஆர்சிங்க்கில் எடுத்து வைத்திருந்த பேக்கப்பை அப்படியே ரீஸ்டோர் பண்ணிட்டீங்க. நாளைக்கு புராஜெக்ட் ரிவியூ. ஆன் பண்ணினால் கருப்புத் திரை! உடனே உபுண்டுவை முதலிலிருந்து இன்ஸ்டால் பண்ணத் தோணும். பண்ணாதீங்க. கொஞ்ச நேர வேலைதான்.

ஒரு பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யும்போதே அதற்கு யூயூஐடி என்ற புது அடையாள எண் வந்துவிடும். உங்க ஃபைல்கள் திரும்பி வந்தாலும், அவற்றுக்குள் எழுதியிருப்பது பழைய டிஸ்க்கின் எண். வீடு மாறிய பிறகும் ஆதாரில் பழைய அட்ரஸ் இருக்கிற கதைதான்.

எந்த இடத்தில் நின்றது என்று முதலில் பாருங்க. 'நோ பூட்டபிள் டிவைஸ்' அல்லது 'கிரப் ரெஸ்கியூ' என்று வந்தால் பூட்லோடரே சரியாக ஏறவில்லை. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்தால் கெர்னல் ஏறிவிட்டது, ரூட் பார்ட்டிஷன்தான் கிடைக்கவில்லை. ஒன்றரை நிமிஷம் காக்க வைத்துவிட்டு 'எமர்ஜென்சி மோட்' வந்தால் சந்தோஷப்படுங்க: ரூட் கிடைத்துவிட்டது, எஃப்எஸ்டேப் ஃபைலில் ஹோம் அல்லது இஎஃப்ஐ வரிதான் தகராறு. பெரும்பாலும் அங்கேயே திருத்திடலாம்.

மற்றதுக்கெல்லாம் லைவ் யூஎஸ்பி வேணும். லேப்டாப் யூஇஎஃப்ஐ என்றால் யூஎஸ்பியையும் யூஇஎஃப்ஐ மோடிலேயே பூட் பண்ணுங்க. பலர் கோட்டை விடுவது இங்கேதான். புது ரூட்டை மவுண்ட் செய்து, அதற்குள் பூட் ஃபோல்டரின் இஎஃப்ஐ இடத்தில் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்யுங்க. டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் 'ஆர்பைண்ட்' ஆப்ஷனோடு இணைக்கணும். பேக்கப் எடுக்கும்போது இந்த மூன்றையும் விலக்கியிருப்பீங்க. காலி ஃபோல்டராவது இருக்கா பாருங்க, இல்லைன்னா உருவாக்குங்க. பிறகு சிஎச்ரூட்.

உள்ளே போனதும் 'பிஎல்கே-ஐடி' கமாண்ட் உண்மையான எண்களைக் காட்டும். இஎஃப்ஐ பார்ட்டிஷனின் எண் மட்டும் 8 எழுத்தில் குட்டியாக இருக்கும்; அது ஃபேட் ஃபைல்சிஸ்டம், அப்படித்தான் இருக்கும். எஃப்எஸ்டேப்பில் வரி வரியாக ஒப்பிட்டு மாத்துங்க. மற்றவை 36 எழுத்து நீளம், அதனால் டைப் பண்ணாமல் காப்பி-பேஸ்ட் பண்ணுங்க.

அடுத்து, உபுண்டுவோ டெபியனோ என்றால், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப். கடைசியை மறந்தால் கிரப் மெனு பழைய எண்ணையே கெர்னலிடம் கொடுக்கும், மறுபடி அதே இடத்தில் நிற்பீங்க.

பூட் ஆகியும் ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம் இழுக்குதா? இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டருக்குள் 'ரெஸ்யூம்' என்ற ஃபைலில் ஸ்வாப்பின் பழைய எண் உட்கார்ந்திருக்கலாம். அதையும் மாத்திட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் இன்னொரு தடவை ஓட்டுங்க.